உட்பாகங்களுக்கு அடிக்கும் ப்ரைமர்: ‘அடிப்பூச்சு’ பொருந்துமா?

குன்னூரிலிருந்து:

வணக்கம். சொந்தமாகக் கட்டும் அலுமினிய விமானத்துக்கான பணிக்குறிப்பைத் தமிழில் எழுதிவருகிறோம். இறக்கை விலா, ஸ்பார் (இறக்கையின் நீளவாட்டு முதன்மைச் சட்டம்), உள்தகடு இவற்றுக்கு அடிக்கும் ப்ரைமரை ‘அடிப்பூச்சு’ என்று போட்டிருக்கிறேன். மாற்றுக் கருத்து உண்டா?

கோத்தகிரியிலிருந்து:

> ‘அடிப்பூச்சு’ என்று போட்டிருக்கிறேன்

உண்டு. சுவருக்கும் விமானத்தின் வெளித்தகட்டுக்கும் அந்தச் சொல் சரி, மேலே பெயின்ட் வரும். இறக்கைக்குள் ரிவெட் அடித்து மூடிய பிறகு மேலே எது வரப்போகிறது? அந்த ஒரு கோட்டுதான் முதலும் கடைசியும்.

இதைவிடப் பெரிய சிக்கல், ப்ரைமர் என்ற ஒரே பெயரில் இருவேறு சரக்கு விற்பது. பாஸ்பாரிக் அமிலம் கலந்த வாஷ் ப்ரைமர் அலுமினியத்தைக் கடித்துப் பிடிக்கும். ஆனால் படலத்தில் நுண்துளை உண்டு, ஈரம் புகும். மேலே இன்னொரு பூச்சு இல்லாமல் அதை விடக் கூடாது. பிசினும் ஹார்ட்னரும் (அதை இறுகவைக்கும் திரவம்) என இரண்டு டப்பா கலக்கும் எபாக்ஸி ப்ரைமர் தனியாகவே ஈரத்தைத் தடுக்கும். எனவே முன்னதைப் ‘பற்றுப்பூச்சு’ என்றும் பின்னதைக் ‘காப்புப்பூச்சு’ என்றும் பிரிக்கலாம். தயாரிப்பாளர் அனுமதித்தாலொழியப் பற்றுப்பூச்சின் மேல் எபாக்ஸி வேண்டாம். மிஞ்சிய அமிலம் ஹார்ட்னரைக் கெடுத்துவிடும்.

கொடைக்கானலிலிருந்து:

பிரித்தது மிகச் சரி. ‘காப்பு’ மட்டும் இடிக்கிறது. மின்காப்பு என்று ஏற்கனவே புழங்குகிறோம். வயரிங் பார்ப்பவர் மின்சாரம் பாயாமலிருக்கவே அடித்த பூச்சு என்று எண்ணி அப்படியே விட்டுவிடுவார். எர்த் கம்பி பிடிக்கும் இடத்தில் ப்ரைமரைச் சுரண்டியே ஆகவேண்டும் என்பதால் இந்தக் குழப்பம் வரக் கூடாது. ‘அரிகாப்புப் பூச்சு’ என்போம். அரிமானத்திலிருந்து காப்பது என்று சொல்லே சொல்லிவிடும்.

குறிப்பில் இவையும் வரட்டும். 2024 என்ற அலுமினியக் கலவையின் மெல்லிய கிளாட் தகட்டில் (இருபுறமும் தூய அலுமினியக் கவசம் போர்த்திய தகடு) ஒவ்வொரு பக்கக் கவசமும் தகட்டின் தடிமனில் ஏறத்தாழ 5 சதவீதம்; 0.8 மி.மீ. தகட்டில் அது 0.04 மி.மீ.தான். மெரூன் ஸ்காட்ச்-பிரைட்டால் (தேய்க்கும் நைலான் நார்) பளபளப்பு மங்கும்வரை தேய்த்தால் போதும், அழுத்தித் தேய்த்தால் கவசமே போய்விடும். இரும்பு நார் கூடவே கூடாது, அதன் துகள் பதிந்து அரிப்பைத் தொடங்கிவைக்கும். துளை, பிசிர் நீக்கம், டிம்பிள் (ரிவெட் தலை பதியத் துளையோரத்தைக் குழித்தல்) எல்லாம் முடிந்த பிறகே கழுவ வேண்டும். தண்ணீர் முத்து முத்தாக ஒதுங்கினால் எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று பொருள். படலமாகப் பரவ வேண்டும். பிறகு கையுறையோடுதான் தொடலாம்.

தகடும் தகடும் ஒட்டும் பரப்பைப் பூசாமல் விடவே கூடாது, ஈரம் தங்கும் இடம் அதுதான். கிளாட் தகட்டின் திறந்த பரப்புகளில் எடைக்காகப் பூசாமல் விடுவோரும் உண்டு. நம் மலையின் மூடுபனிக்கு நான் பூசவே சொல்வேன். 25 மைக்ரான் உலர்படலம் சதுர மீட்டருக்கு 35 முதல் 40 கிராம்வரை வரும். 40 சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. கனமாக அடித்தால் அதுவே இரட்டிக்கும்.

தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான எபாக்ஸி இறுகாமல் மந்தமாகிவிடும். கொட்டகையைச் சூடாக்கக் கேஸ் அடுப்பு வேண்டாம். தீ அபாயத்தோடு, அதன் புகையிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் ஹார்ட்னரோடு சேர்ந்து மேலே பிசுபிசுப்பாகப் படியும்.

குன்னூரிலிருந்து:

‘பற்றுப்பூச்சு’, ‘அரிகாப்புப் பூச்சு’ இரண்டையும் ஏற்கிறேன். வெளித்தகட்டுக்கு ‘அடிப்பூச்சு’ அப்படியே இருக்கட்டும். குரோமேட் கலந்த அரிகாப்புப் பூச்சுக்கு மட்டும் தனி எச்சரிக்கை சேர்க்கிறேன்: ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரும், உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது.