தலைவரைக் கைது பண்ணின அன்று ரோட்டில் நின்றவர்கள் பேசியது

2018 மே 24. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தி ரெண்டு நாள் ஆகியிருந்தது. எனக்கு அப்போது பாரிமுனைப் பக்கம் ஆபீஸ். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலின் அதைக் கண்டித்து, கோட்டையில் தலைமைச் செயலகத்தில் முதல்வர் அறைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார், போலீஸ் வெளியேற்றியது, அவர் ராஜாஜி சாலையிலேயே மறியலில் உட்கார்ந்தார், அங்கேயே கைது. டிவியில் பார்ப்பதற்கு முன்னாலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது, கீழே பஸ் நகரவில்லையே.

சென்னையில் தலைவர்கள் கைது என்றால் ஜனங்கள் சொல்வது ஒன்றுதான்: "மண்டபத்துல வச்சு சோறு போட்டு சாயங்காலம் விட்ருவான்." அன்றைக்கும் நின்றுபோன பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருத்தர் அதையே சொன்னார். வழக்கமாக நாலு பேர் சிரிப்பார்கள், அன்று யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரர் மட்டும், "கேமரா முன்னாடி இவரையே இப்படித் தூக்குறான்னா, அங்க நம்மள மாதிரி ஆளுங்கள என்ன பண்ணியிருப்பான்?" என்றார். அவர் அந்தக் கட்சியே இல்லை, ரெண்டு வார்த்தை கழித்து அவர்களையும் திட்டினார், அது வேறு விஷயம்.

தடுப்பு ஓரத்தில் ஒரு இளவயசு கான்ஸ்டபிள், லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். நிழலுக்கு ஒதுங்கிய ஒரு வயசான அம்மா, சண்டைக்குப் போகிற குரலில், "உனக்கு எந்த ஊருப்பா?" என்று கேட்டார். "திருச்செந்தூர் பக்கம்மா." அதுவும் தூத்துக்குடி மாவட்டம்தான். அந்தம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

எனக்குத் தோன்றுவது இதுதான். தலைவர் கைதானால் அது செய்தி. அவரோடு அதே வேனில் ஏறுகிறவனுக்கு வெள்ளைத் தாளில் பேர், அப்பா பேர், முகவரி. அந்தத் தாள் எஃப்.ஐ.ஆராக, அதாவது போலீஸ் வழக்காக மாறிவிட்டால், பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ போலீஸ் வெரிஃபிகேஷன் வரும்போதுதான் திரும்பத் தலைகாட்டும். தூத்துக்குடியில் கைதானவர்கள் பல பேர் மேல் இருந்த வழக்குகளை 2021 மே மாதம்தான் வாபஸ் வாங்கினார்கள், அதுவும் அன்றைக்கு ராஜாஜி சாலையில் உட்கார்ந்தவர் முதல்வரான பிறகு. சரி, நல்லதுதான். ஆனால் அதே முதல்வர் ஆட்சியில், 2025 ஆகஸ்ட்டில், சென்னை மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை ராத்திரியோடு ராத்திரியாக அப்புறப்படுத்தினார்கள். கோர்ட் உத்தரவு இருந்தது, மறுக்கவில்லை. மறுநாள் நான் ஏறின ஷேர் ஆட்டோவில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை, குப்பை எப்போது எடுப்பார்கள் என்றுதான் கேட்டார்கள். இதுவும் ஜனங்களின் ரியாக்‌ஷன்தான், எழுதாமல் விடக் கூடாது.

*

மேலே எழுதியவர் சென்னைக்காரர், நான் தூத்துக்குடிக்காரன். சென்னையில் பஸ் நின்றதையெல்லாம் படிக்கும்போது கொஞ்சம் விசித்திரமாக இருக்கிறது. எங்களுக்கு அந்த வாரம் நெட்டே கிடையாது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் நிறுத்திவிட்டார்கள். ஊரில் 144 வேறு. ஸ்டாலின் கைது என்று டிவியில் கீழே எழுத்து ஓடியதைப் பார்த்தோம், எங்க அம்மா "பெரிய ஆளு, வந்துருவாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த சானலுக்குப் போனார். பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தன் முந்தின நாளிலிருந்து வீட்டுக்கு வரவில்லை, எந்த ஸ்டேஷன் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது, அதை அந்தப் பையனுடைய அப்பாவுக்குச் சொல்ல ஒரு வக்கீல் வர வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் அன்றைக்கு ராத்திரி வரைக்கும் அவன் பேச்சுதான், கோட்டையில் நடந்ததை யாரும் எடுக்கவே இல்லை.