சிம்ப்சன் பாலைவனம்: ஹைலக்ஸில் எவ்வளவு டீசல், எவ்வளவு எடை, எவ்வளவு காற்று?

செம்மண்_தடம்:

வணக்கம். ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தை வண்டியில் கடக்கப் போகிறேன். வரும் ஜூலையில் அடிலெய்டிலிருந்து கிளம்பி மரீ, ஊட்னடாட்டா தடம், மவுண்ட் டேர், டல்ஹவுசி ஸ்பிரிங்ஸ், அங்கிருந்து ஃபிரெஞ்சு லைன், க்யூ.ஏ.ஏ. லைன் என்ற மணல் தடங்கள் வழியாகப் பேர்ட்ஸ்வில் போவதாகத் திட்டம். வண்டி டீசல் ஹைலக்ஸ் டபுள் கேப், 80 லிட்டர் டேங்க், ஏ.டி. (எல்லாத் தரைக்குமான) டயர், கம்பெனி சஸ்பென்ஷன். முன்னால் புல்பார் (காப்புக் கம்பிச் சட்டம்), பின்னால் கேனோபி (மூடிய பெட்டி), கூரையில் டென்ட். இரண்டு பேர். கூட ஒரு பிராடோ வருகிறது.

எத்தனை லிட்டர் டீசல் எடுக்க வேண்டும்? மணலில் டயருக்குக் காற்றழுத்தம் எத்தனை பி.எஸ்.ஐ.? பாரம் ஏற்றினால் பின்பக்கம் தொங்குகிறது, அதற்குப் பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர்பேக் (காற்றுப் பை) போடச் சொல்கிறார்கள், போடலாமா? சின்ன கேம்பர் டிரெய்லர் ஒன்றும் கைவசம் இருக்கிறது, அதை இழுத்துப் போகலாமா? அனுமதிச் சீட்டு விவரமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எடைமேடை:

டிரெய்லர் வேண்டாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள் அந்தத் தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. டிரெய்லர் பின்னால் இழுக்க, ஏறுகிற வண்டியின் டயர் சுழன்று மணலைத் தோண்டும். ஃபிரெஞ்சு லைனில் ஏற்றங்கள் பள்ளம் பள்ளமாகக் கிடப்பதற்கு டிரெய்லரும் காற்று இறக்காத டயரும்தான் முக்கியக் காரணம். உங்களுக்கும் கஷ்டம், பின்னால் வருகிறவர்களுக்கும் கஷ்டம்.

டீசல் கணக்கு: மவுண்ட் டேரில் நிரப்பினால் அடுத்த பம்ப் பேர்ட்ஸ்வில்தான். இடையில் 500 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 11 லிட்டர் குடிக்கும் வண்டி, பாரத்தோடு மணலில் 18 முதல் 22 வரை குடிக்கும். 20 என்று வைத்தால் 102 லிட்டர். வழியில் குறுக்கிடும் எயர் க்ரீக் ஓடையில் தண்ணீர் நின்றால் வடக்கே சுற்றிப் போகவோ வந்த வழியே திரும்பவோ நேரலாம், அதற்காக 40 சதவீதம் கூட்டுங்கள். 145 லிட்டர் வருகிறது. டேங்க் 80, நான்கு ஜெர்ரிகேன் 80, மொத்தம் 160 போதும். கேனைக் கூரையில் ஏற்றாதீர்கள். மேட்டில் வண்டி சாய்கிற இடத்தில் அந்த எடைதான் கவிழ்த்துவிடும். டேங்க் பாதி ஆனதுமே இரண்டு கேனை ஊற்றிவிடுங்கள், எடை கீழே இறங்கும்.

இனி முக்கியமான விஷயம். டபுள் கேப் ஹைலக்ஸில் ஏற்றக்கூடிய பாரம், மாடலைப் பொறுத்து, ஏறக்குறைய 900 முதல் 1000 கிலோ. உங்கள் வண்டிக்குத் தோராயமாகப் போட்டுப் பார்க்கிறேன்: புல்பார் விஞ்சோடு 90, கேனோபி 100, டிராயர் 70, கூரை டென்ட் 70, நிரப்பிய ஃபிரிட்ஜ் 40, தண்ணீர் 110, கேன்கள் 84, இரண்டு பேர் 160, இரண்டாவது ஸ்டெப்னி 35, கருவிகளும் மீட்புச் சாமானும் 50, சாப்பாடும் சமையல் சாமானும் 100. ஆகமொத்தம் 909. அதாவது இன்னும் ஒரு நாற்காலி மடக்கி வைக்கும் முன்பே வரம்பைத் தொட்டாகிவிட்டது. முழுப் பாரத்தோடு பொது எடைமேடையில் நிறுத்தி, முன் ஆக்சில், பின் ஆக்சில் தனித்தனியாக எடை போடுங்கள். மொத்தம் சரியாக இருந்தும் பின் ஆக்சில் மட்டும் வரம்பு மீறுவது ரொம்பச் சாதாரணம்.

ஏர்பேக் கேட்டீர்கள். அது பாரத்தைக் குறைப்பதில்லை, தொங்கலை மறைக்கிறது. இலைப்பட்டை ஸ்பிரிங் பாரத்தை சேஸிஸில் முன்னும் பின்னுமாக இரண்டு இடத்தில் இறக்கும். ஏர்பேக் ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் முட்டுக் கொடுக்கும். ஆக்சிலுக்குப் பின்னால் ஏற்றிய பாரம் அந்த முட்டின் மேல் நெம்புகோல் போல வேலை செய்யும். பள்ளத்தில் வேகமாக இறங்கி எழும்போது சேஸிஸ் அந்த இடத்தில் வளைகிறது. கேபினுக்கும் டிரேக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலே அகன்று கீழே குறுகியிருந்தால் வளைந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டே பேர் போகிறீர்கள், பின் இருக்கையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரையும் ஃபிரிட்ஜையும் அங்கே வையுங்கள். கூரை டென்டை விட்டுத் தரை டென்ட் எடுத்தாலே 50 கிலோ குறையும். அதற்கு மேலும் பாரம் தவிர்க்க முடியாதென்றால் கனமான ஸ்பிரிங்கோடு முறையாகச் சான்று பெற்ற ஜி.வி.எம். (வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை) உயர்வு செய்யுங்கள். அப்போதும் பின் ஓவர்ஹேங்கில் (ஆக்சிலுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதியில்) எதையும் தொங்கவிட வேண்டாம்.

மணல்மேடு:

காத்தைப் பற்றி நான் எழுதுறன். ஊட்னடாட்டா தடத்தில, கல்லும் அலை அலையான நெளிவுமான றோட்டில, 26 முதல் 30 பி.எஸ்.ஐ. வையுங்கோ. வேகம் மணிக்கு 80க்கு மேல வேண்டாம். காத்துக் குறைஞ்ச ரயரோட 100இல ஓடினால் பக்கச்சுவர் மடிஞ்சு மடிஞ்சு சூடேறி உள்ளுக்குள்ளயே பிரிஞ்சு போகும். வெளியால பார்க்க ஒண்டும் தெரியாது, பிறகு ஒரேயடியா வெடிக்கும்.

பர்னி போர் எண்ட ஆழ்கிணறு தாண்டி மணல் தொடங்கும். அங்க முன்னுக்கு 16, பின்னுக்கு 18 எண்டு இறக்குங்கோ. ஏறக் கஷ்டப்பட்டால் வேகத்தைக் கூட்டாமல் இன்னும் 2 இறக்குங்கோ. 14 வரைக்கும் தயங்க வேண்டாம். 12க்குக் கீழ போனால், திருப்பும்போது ரயர் றிம்மில இருந்து கழண்டு விடும், ஆகையால் அது சிக்கினால் மட்டும், மெதுவாக வெளிய வரும் வரைக்கும். காத்து இறக்கினால் ரயர் அகலுறதை விட நீளுறதுதான் கூட. அந்த நீளமான தடம்தான் மணலுக்கு மேல மிதக்க வைக்கிறது.

மேற்கில இருந்து கிழக்காகப் போறியள், நல்லது. மேடுகளின்ர மேற்குப் பக்கம் சரிவு குறைவு, கிழக்குப் பக்கம் செங்குத்து. கிழக்க போகப் போக மேடுகள் உயரும், ஆனால் இடைவெளியும் கூடும். கடைசியில பேர்ட்ஸ்வில்லுக்கு 35 கிலோமீற்றர் முன்னால வாற பிக் ரெட் எண்ட மேடு ஏறத்தாழ 40 மீற்றர். அதுக்குச் சுத்துப் பாதை இருக்கு, கட்டாயம் ஏறத்தான் வேணும் எண்டில்லை.

ஏறும்போது லோ ரேஞ்ச், இரண்டாவது அல்லது மூன்றாவது கியர். அடியிலேயே வேகத்தை எடுத்து, பாதிக்கு மேல ஆக்சிலரேற்றரை மெல்ல விட வேணும். உச்சியில அந்தப் பக்கம் என்ன இருக்கெண்டு தெரியாது, வளைவும் இருக்கலாம், எதிர வண்டியும் நிக்கலாம். ஏறாமல் நிண்டால் ரயரைச் சுழட்டாதேங்கோ, உடன காலை எடுத்து, றிவேர்ஸில வந்த தடத்திலேயே நேராக இறங்குங்கோ. மேட்டில குறுக்காகத் திருப்ப நினைக்கிறதுதான் வண்டி உருளுறதுக்கு வழி. இறங்கும்போதும் பிறேக் அடிச்சால் முன்னுக்கு மணல் குவிஞ்சு மூக்குக் குத்தும்.

செம்மண்_தடம்:

டிரெய்லரும் ஏர்பேக்கும் பட்டியலிலிருந்து போய்விட்டன, கூரை டென்டையும் இறக்கிவிடுகிறேன். இரண்டு விஷயம் இன்னும் தெளிவாக வேண்டும். சிக்கிக்கொண்டால் மீட்பு எந்த வரிசையில்? ஸ்பினிஃபெக்ஸ் புல்லால் வண்டி தீப்பிடிக்கும் என்கிறார்களே, டி.பி.எஃப். (டீசல் புகைக்கரி வடிகட்டி) உள்ள வண்டிக்கு என்ன செய்ய வேண்டும்?

ஸ்பானர்_பெட்டி:

தீயிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதில்தான் முழு வண்டியும் போகிறது. தடத்தின் நடுவில் நிற்கும் புல் வண்டியின் அடியைத் தடவும்போது காய்ந்த விதையும் தண்டும் உள்ளே சேரும். கியர்பாக்ஸ் தாங்கி, பேஷ் பிளேட்டின் (வண்டியின் அடிக் காப்புத் தகட்டின்) மேல்பக்கம், எக்ஸாஸ்ட் குழாய்க்கும் ஹீட் ஷீல்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கு, இந்த மூன்றையும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். நுனி வளைத்த கம்பி ஒன்று வைத்துக்கொண்டு இழுத்து எடுங்கள், கருகிய வாசனை வந்தால் அப்போதே நிறுத்துங்கள். டி.பி.எஃப். தன்னைத்தானே சுத்தம் செய்யும் நேரத்தில் எக்ஸாஸ்ட் சாதாரணத்தைவிட மிக அதிகச் சூடாக இருக்கும். அந்த நேரத்தில் புல்மேல் நிறுத்தக் கூடாது, வெறும் மணலில்தான் நிறுத்த வேண்டும். உங்கள் மாடலில் கையால் தொடங்கும் ஸ்விட்ச் இருந்தால், மவுண்ட் டேருக்கு முன்பே வெற்றுத் தரையில் ஒருமுறை முடித்துவிடுங்கள். டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு தீயணைப்பான் வேண்டும். அதோடு தோட்டத்துக்கு மருந்தடிக்கும் 5 லிட்டர் பம்ப் ஸ்பிரேயரில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். இடுக்கில் புகையும் புல்லுக்குப் பவுடரைவிடத் தண்ணீர்தான் உள்ளே போகும். ரேடியேட்டருக்கு முன்னால் வலை கட்டி, விதை அடைத்ததும் தட்டி விடுங்கள்.

சிக்கினால் வரிசை இதுதான். முதலில் மண்வெட்டி. நான்கு டயரின் முன்னாலும், டிஃப்பின் கீழும், வயிற்றுப் பகுதியிலும் மணலை வாருங்கள். வண்டி வயிற்றில் உட்கார்ந்திருக்கும்போது இழுப்பது சேஸிஸை இழுப்பதுதான். அடுத்து காற்றை 12க்கு இறக்குங்கள். பிறகு மேக்ஸ்டிராக்ஸ் போன்ற மீட்புப் பலகையை டயருக்கு அடியில் நன்றாகத் திணித்து, லோ ரேஞ்சில் மெல்ல நகர்த்துங்கள். டயர் சுழன்றால் பலகையின் பற்கள் உருகிவிடும். முக்கால்வாசி இதிலேயே முடிந்துவிடும்.

பிராடோ இழுக்க வேண்டி வந்தால், 8,000 கிலோ அளவு ஸ்னாட்ச் ஸ்டிராப் (நீண்டு கொடுக்கும் இழுவைப் பட்டை), 4.75 டன் பவ் ஷேக்கிள் (இணைப்பு வளையம்), முன்னும் பின்னும் எடை குறித்த மீட்புக் கொக்கி. டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் உருண்டையில்) ஒருபோதும் மாட்டாதீர்கள். அது முறிந்து குண்டுபோலப் பறந்து ஆஸ்திரேலியாவில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். வண்டியோடு தொழிற்சாலையிலிருந்து வரும் கட்டும் வளையமும் இதற்கானதல்ல. ஸ்டிராப் அறுந்தால் பாயாமலிருக்க அதன் நடுவில் டேம்பர் போடுங்கள், வெளியே நிற்பவர்கள் ஸ்டிராப் நீளத்தில் ஒன்றரை மடங்குக்கு அப்பால், பக்கவாட்டில் நிற்கட்டும்.

நெளிவுச் சாலைக்கு ஒரு வார்த்தை. தினமும் மாலையில் பத்து நிமிடம்: பேட்டரி கிளாம்ப், கேனோபி போல்ட், வீல் நட், ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு. ஷாக்கைத் தொடுவதற்கு முன், அதன் அருகில் கையை வைத்துச் சூடு பாருங்கள், தொடமுடியாத சூடென்றால் வேகம் அதிகம். போல்ட்டுகளில் பெயின்ட் கோடு போட்டு வைத்தால் எது நகர்ந்தது என்று பார்த்தவுடன் தெரியும். உதிரியாக டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஃபேன் பெல்ட், வால்வு கோர், பிளக் கிட், ரேடியேட்டர் ஹோஸ், ஃபியூஸ். டீசல் ஃபில்டர் இல்லாமல் போகவே கூடாது.

கொடிக்கம்பு:

அனுமதி இரண்டு மாநிலத்துக்கும் தனித்தனி. தென் ஆஸ்திரேலியப் பக்கத்துக்கு டெசர்ட் பார்க்ஸ் பாஸ், விட்ஜிரா தேசியப் பூங்காவும் அதில் அடங்கும். எல்லைகள் சந்திக்கும் போப்பல் கார்னர் தாண்டிக் குயின்ஸ்லாந்துக்குள் மங்கா-திர்ரி தேசியப் பூங்காவில் இரவு தங்குவதற்கு அவர்கள் முகாம் அனுமதி வேறு. இது வாங்கங்குரு, யார்லுயாண்டி மக்களின் நிலம், தடத்தை விட்டு விலகி ஓட்டக் கூடாது. பூங்காவுக்குள் விறகு பொறுக்கக் கூடாது, சமையல் காஸ் அடுப்பில். நாய்க்கும் அனுமதி இல்லை. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பாலைவனம் மூடல், ஜூலை என்றால் சிக்கல் இல்லை. ஆனால் இரவில் குளிர் சுழியத்தை நெருங்கும், தூங்கும் பையை அதற்கேற்பப் பாருங்கள்.

கொடி கட்டாயம். தரையிலிருந்து குறைந்தது 3.5 மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். புல்பாரில் கட்டுங்கள். பின்னால் கட்டினால் வண்டி உச்சிக்கு வந்த பிறகுதான் எதிரில் வருகிறவருக்குத் தெரியும். யூ.எச்.எஃப். ரேடியோ சேனல் 10இல் வைத்து, சில மேடுகளுக்கு ஒருமுறை சொல்லுங்கள்: "ஃபிரெஞ்சு லைன், கிழக்கு நோக்கி இரண்டு வண்டி, பர்னி போரிலிருந்து 30 கிலோமீட்டர்." சேனல் 5உம் 35உம் அவசரத்துக்கு மட்டும். மேடுகள் அலையைத் தடுக்கும், கையடக்க ரேடியோ போதாது, வண்டியில் பொருத்தியதே வேண்டும். இதோடு சேட்டிலைட் ஃபோன் ஒன்றும், ஆம்சாவில் (ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில்) இலவசமாகப் பதிவு செய்த பி.எல்.பி. (ஆபத்தில் இருப்பிடம் அறிவிக்கும் கருவி) ஒன்றும். பி.எல்.பி.யைக் கையில் எடுத்து வர முடிகிற இடத்தில் வையுங்கள், டிராயருக்கு அடியில் அல்ல.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 லிட்டர். கடக்க ஐந்து நாள், மூன்று நாள் கையிருப்பு, இரண்டு பேருக்கு 112 லிட்டர். ஒரே தொட்டியில் வேண்டாம், குழாய் ஒன்று உடைந்தால் எல்லாம் போச்சு. 20 லிட்டர் கேன்களாகப் பிரித்து வையுங்கள். டல்ஹவுசி நீரூற்று வெதுவெதுப்பாகக் குளிக்க அருமையாக இருக்கும், குடிநீர்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மழை பெய்தால் ஊட்னடாட்டா தடம் களிமண்ணாகி மூடப்படும். மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம் கடுமை, நீங்கள் வெட்டிய தடமும் காய்ந்து கல்லாகிவிடும். கிளம்பும் அன்று தென் ஆஸ்திரேலிய அரசின் அவுட்பேக் சாலை அறிக்கையைப் பாருங்கள், பிறகு மவுண்ட் டேரில் எயர் க்ரீக்கின் நிலையைக் கேளுங்கள். அங்கே தண்ணீர் ஓடினால் சுற்றுப்பாதைக்கு எத்தனை கிலோமீட்டர் கூடுகிறது என்று கேட்டு, அதை வைத்து டீசல் கணக்கை இன்னொரு முறை போட்ட பிறகே பம்பை விட்டு நகருங்கள்.

மணல்மேடு:

ஒண்டு விட்டுப்போச்சு. கம்பிறஸரை பற்றரியில நேராக மாட்டி, இஞ்சினை ஓட விட்டுத்தான் காத்தடிக்க வேணும். சிகரெட் லைற்றர் சொக்கெற்றில மாட்டினால் ஃபியூஸ் போகும். பிக் ரெட் தாண்டினதும் பேர்ட்ஸ்வில் றோட்டுக்கு ஏறுறதுக்கு முன்னால திரும்ப 28க்கு ஏத்துங்கோ.