ஆட்டோகிளேவில் கீழ்த்தட்டு செட் மட்டும் ஈரமாக வருகிறது, உதவுங்கள்

வணக்கம். கடலூரில் ஒரு மருத்துவமனையின் சிஎஸ்எஸ்டியில் (ஆபரேஷன் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவு) நான்கு மாதமாகப் பயிற்சியில் இருக்கிறேன்.

மூன்று வாரமாக ஒரே பிரச்சினை. ஆட்டோகிளேவ், அதாவது நீராவியால் கிருமி நீக்கும் மெஷின், இரட்டைக் கதவு, ப்ரீ-வேக்யூம் வகை (நீராவிக்கு முன் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிடும்). நீராவி தனி பாய்லரில் இருந்து வருகிறது. 134 டிகிரி, 4 நிமிடம், உலர்த்தல் 20 நிமிடம். மேல்தட்டு செட்டுகள் (துணியில் சுற்றிய கருவிக் கட்டுகள்) நன்றாகக் காய்ந்து வருகின்றன. கீழ்த்தட்டில், வடிகால் பக்கம் வைப்பது மட்டும் ஈரம். மேல்துணி தொட்டால் காய்ந்துதான் இருக்கும். பிரித்தால் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் (ரத்தக்குழாயைப் பிடிக்கும் இடுக்கி) மூட்டில் சொட்டு நிற்கிறது. நேற்று தியேட்டரில் இருந்து இரண்டு எலும்பு ஆபரேஷன் செட் திரும்பி வந்தது. ஆபரேஷன் அரை மணி நேரம் தள்ளிப்போனது, மனசே கேட்கவில்லை. ஈரத்துணி வழியாகக் கிருமி உள்ளே போய்விடும் என்பதால், இண்டிகேட்டர் (மெஷினுக்குள் போய் வந்ததைக் காட்டும் பட்டை) நிறம் மாறியிருந்தாலும் ஈரமான செட்டைக் கொடுக்க முடியாது.

உலர்த்தலை 30 நிமிடமாக்கினேன். கனமான செட்டை இரண்டாகப் பிரித்தேன், கிண்ணங்களைச் சாய்த்து வைத்தேன், வடிகால் வலையைக் கழுவினேன். வெளியே எடுத்ததும் குளிர்ந்த ஸ்டீல் மேசையில் வைக்காமல் ரேக்கிலேயே ஆறவிடுகிறேன். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. தினமும் காலையில் போவி-டிக் டெஸ்ட் (காற்று சரியாக வெளியேறுகிறதா என்று பார்ப்பது) பாஸ், ஸ்போர் டெஸ்டும் (கிருமி சாகிறதா என்று பார்ப்பது) பாஸ்.

சர்வீஸ் ஆள் வர இன்னும் ஐந்து நாள் ஆகும். அதுவரை பயோமெடிக்கல் அண்ணனிடம் எதை முதலில் பார்க்கச் சொல்லட்டும், ஸ்டீம் ட்ராப்பையா (நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் வால்வு), வேக்யூம் பம்பையா?