பத்து மணிக்கு க்யூ, பத்தேகாலுக்கு டிக்கெட்

குழு: நம்ம வீட்டுக் கூட்டம்

ஞாயிறு, இரவு 8:05

அனு: வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு கான்சர்ட் டிக்கெட் ஓபன் ஆகுது. பாட்டியையும் சேர்த்து நாலு பேருக்கு வேணும். இருக்கறதுலயே மலிவா எப்படி எடுக்கறது? ஓசின்னா இன்னும் சந்தோஷம் 😄

சுந்தர்: எதுக்கு அவசரம்? கடைசி நேரத்துல விக்கறவனே பாதி விலைக்குத் தள்ளிவிடுவான். பேசாம காத்திரு.

விக்கி: மாமா, அது எல்லா இடத்துக்கும் ஒத்து வராது. பெரிய ஸ்டேடியம், ரெண்டு மூணு நாள் ஷோ, அதுவும் வாரநாள்னா ரீசேல் விலை, அதாவது வாங்கினவங்க திரும்ப விக்கற விலை, கடைசில இறங்கும். ஷோ ஆரம்பிச்சுட்டா அந்த டிக்கெட்டுக்கு மதிப்பே இல்ல, அதான் கடைசி மூணு நாலு மணி நேரத்துல இறங்கி வர்றாங்க. சின்ன அரங்கு, ஒரே ஷோ, சனிக்கிழமைன்னா ஏறத்தான் செய்யும்.

விக்கி: அதுலயும் கடைசில சிக்கறது ஒத்தை சீட், மிஞ்சிப் போனா ரெண்டு. பாட்டியை வச்சுக்கிட்டு நாலு பேர் அந்த ஆட்டம் ஆட வேண்டாம்.

சுந்தர்: சரி, ஒத்தையா போறவனுக்கு நான் சொன்னது சரிதானே.

விக்கி: பெரிய ஸ்டேடியம்னா சரிதான் 🙏 தனியா போறவங்களுக்கு அது நல்ல வழி.

அனு: அப்போ வெள்ளிக்கிழமையே எடுத்துடணுமா அண்ணா?

விக்கி: அதுக்கும் முன்னாடியே. ப்ரீசேல், அதாவது பொது விற்பனைக்கு முன்னாடி சிலருக்கு மட்டும் நடக்கற விற்பனை, இருக்கான்னு பாரு. பேண்டோட சொந்த வெப்சைட்ல மெயில் லிஸ்ட்ல சேர்ந்தா அதுக்குள்ள போக ஒரு கோடு (code) அனுப்புவாங்க. பதிவு சில சமயம் விற்பனைக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே மூடிடும், அதனால இன்னிக்கே சேரு. அரங்கோட மெயில் லிஸ்ட்லயும் தனியா சேரு, அவங்களுக்கு வேற ப்ரீசேல் இருக்கலாம். கோடு வந்த மெயில் சில சமயம் ஸ்பாம்லயோ ப்ரமோஷன்ஸ்லயோ ஒளிஞ்சிருக்கும்.

விக்கி: கிரெடிட் கார்டு ப்ரீசேலும் உண்டு. அதுல கோடுன்னு தனியா எதுவும் வராது, சில இடத்துல கார்டு நம்பரோட முதல் 6 இலக்கம்தான் கோடு. வீட்டுல யார்கிட்ட எந்த பேங்க் கார்டு இருக்குன்னு கேட்டு வச்சுக்கோ.

கலா: ப்ரீசேல்னா மலிவா கொடுப்பாங்களா?

விக்கி: இல்லம்மா, அதே விலைதான். ஆனா மலிவு வரிசை எல்லாம் அப்போ இருக்கும். பொது விற்பனைல முதல்ல காலியாகறதே கடைசி வகுப்புதான்.

அனு: போன தடவை பிரெண்டு ஒருத்தி 8 மணிக்கே போய் உக்காந்தா, ஆனா க்யூ நம்பர் எங்கயோ போயிடுச்சு.

விக்கி: 8 மணிக்கு வந்தவங்களுக்கும் 9:50க்கு வந்தவங்களுக்கும் வித்தியாசம் இல்ல. பெரிய தளங்கள்ல பொதுவா, 10 மணிக்கு முன்னாடி காத்திருப்பு அறைல இருக்கற எல்லாரையும் குலுக்கிப் போட்டு நம்பர் கொடுப்பாங்க. 10 மணிக்கு அப்புறம் வர்றவங்க அவங்களுக்குப் பின்னாடி. அதனால 10 நிமிஷம் முன்னாடி போனா போதும்.

விக்கி: நம்பர் வந்தப்புறம் ரிஃப்ரெஷ் அடிக்கவே கூடாது. ஒரே அக்கவுண்ட்டை நாலு டேப்ல திறந்தா ரோபோன்னு நினைச்சு வெளில தள்ளிடும். விபிஎன் (நாம எங்கேருந்து வர்றோம்னு மறைக்கற ஆப்) ஆன்ல இருந்தாலும் அதே கதி. நாலு பேர், நாலு அக்கவுண்ட், நாலு ஃபோன்னு உக்காந்தா குலுக்கல்ல நம்ம பேர் நாலு தடவை இருக்கு. ஒருத்தருக்கு நல்ல நம்பர் வந்தா அவங்களே நாலையும் எடுத்துடலாம். ஒரு அக்கவுண்ட்டுக்கு எத்தனைன்னு வரம்பு போட்டிருப்பாங்க, அதை மட்டும் முன்னாடியே படிச்சுடு.

விக்கி: முந்தின நாள் ராத்திரியே லாகின் பண்ணி, கார்டு சேவ் பண்ணி, அட்ரஸ் போட்டு வச்சுடு. சீட்டை செலக்ட் பண்ணினா சில நிமிஷம்தான் நமக்காகப் பிடிச்சு வைக்கும். அந்த நேரத்துல பாஸ்வேர்ட் மறந்துட்டேன்னு நின்னா போச்சு. ஓடிபி வர்ற ஃபோன் அப்பா பாக்கெட்ல இருந்தாலும் போச்சு.

கலா: 😂 அது நடக்கும்

கலா: அனு, பாட்டிக்கு முட்டி வலி. எந்த சீட்டுன்னு பார்த்துத்தான் எடுக்கணும். மாடின்னா படி எத்தனைன்னு கேளு. பல அரங்குல சக்கர நாற்காலி இடத்துக்குப் பக்கத்துலயே துணைக்கு வர்றவங்களுக்கு ஒரு சீட் உண்டு. சில இடத்துல அந்தத் துணை சீட்டுக்குக் காசே வாங்க மாட்டாங்க. ஆனா அது பல சமயம் ஆன்லைன் மேப்ல தெரியாது, அரங்குக்கு ஃபோன் பண்ணி முன்கூட்டியே கேக்கணும், சான்று ஏதாவது கேப்பாங்க.

அனு: பாட்டி வீல்சேர் இல்லையே சித்தி

கலா: அப்போ அந்த இடத்தைத் தொடாதே, நிஜமா வேண்டியவங்களுக்குப் போகட்டும். படி ஏற முடியாதவங்களுக்குன்னு தனியா சீட் இருக்கான்னு கேளு, அது வேற.

சுந்தர்: தூண் மறைக்கற சீட்டு மலிவுன்னு சொல்வாங்களே?

விக்கி: ஆமா மாமா. பார்வை மறைக்கும்னு போட்டிருந்தா எது மறைக்குதுன்னு பார்க்கணும். கம்பி, கைப்பிடின்னா தாராளமா எடுக்கலாம். ஸ்பீக்கர் அடுக்கு மறைக்குதுன்னா மேடைல பாதி போயிடும். மேடைக்குப் பின்னாடி சீட்டும் மலிவு, முதுகுதான் தெரியும், ஸ்பீக்கர் எல்லாம் முன்பக்கம் பார்த்து தொங்கறதால சத்தமும் கலங்கலா வரும்.

விக்கி: காதுக்குன்னு போறதா இருந்தா, பக்கவாட்டுல முதல் வரிசையைவிட நேர் நடுவுல கடைசி வரிசை மேல். சவுண்ட் இன்ஜினியர் மேடைக்கு எதிர்ல உக்காந்துதான் மிக்ஸ் பண்றாரு. அவருக்கு எது நல்லா கேக்குதோ அதே நேர்கோட்டுல இருக்கறவங்களுக்கும் நல்லா கேக்கும்.

கலா: மைக் இல்லாத ஆர்கெஸ்ட்ரா கச்சேரின்னா கதை வேற. அங்க மேடைக்குப் பின்னாடி மலிவு சீட்டுல உக்காந்தா கை அசைச்சு இசையை நடத்தறவரோட முகத்தையே பார்க்கலாம், வாத்தியம் ரொம்பக் கிட்ட கேக்கும். பித்தளை ஊதுகருவியும் முரசும் கொஞ்சம் தூக்கலா இருக்கும், அவ்வளவுதான். பாட்டுக்காரங்க இருக்கற நிகழ்ச்சிக்கு மட்டும் அந்த சீட் வேண்டாம். குரல் எதிர்ப்பக்கம் போயிடும்.

ஞாயிறு, இரவு 9:20

அனு: ஃபீ பத்தி சொல்லுங்க. டிக்கெட் 100ன்னு காட்டிட்டு கடைசில 130ல வந்து நிக்குது.

விக்கி: அரங்கோட கவுண்டர்ல நேர்ல வாங்கினா பல இடத்துல அந்த ஃபீ இல்ல, இல்லன்னா கம்மி. ஆனா கவுண்டர் தினமும் திறக்காது, சில அரங்கு ஷோ நாள்ல மட்டும்தான். ஆன்லைன்னா ஒரு டிக்கெட்டுக்கு இவ்வளவு, ஒரு ஆர்டருக்கு இவ்வளவுன்னு ரெண்டு வகை ஃபீ. நாலையும் ஒரே ஆர்டர்ல எடுத்தா ரெண்டாவது ஒரு தடவைதான் விழும்.

விக்கி: 2023ல தி க்யூர்ங்கற ராக் பேண்டோட டூர்ல சில டிக்கெட்டுக்கு ஃபீ டிக்கெட் விலையையே தாண்டிடுச்சு. பாடகர் ராபர்ட் ஸ்மித் வெளிப்படையா கேள்வி கேட்டப்புறம் டிக்கெட் வித்த டிக்கெட்மாஸ்டர் கம்பெனி ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துச்சு. எல்லா பேண்டும் அப்படிக் கேக்காது.

சுந்தர்: ப்ளாட்டினம்னு ஒண்ணு வருதே, அது என்ன ராஜ சீட்டா?

விக்கி: இல்ல மாமா, பக்கத்து சீட்டு மாதிரியேதான். விலைதான் கூட்டத்தைப் பார்த்து ஏறும் இறங்கும். 10 மணிக்கு உச்சத்துல இருக்கும். வேற வழியே இல்லன்னா ரெண்டு நாள் கழிச்சுப் பார்க்கணும், பல தடவை இறங்கியிருக்கும்.

அனு: தீர்ந்துடுச்சுன்னா? ரீசேல்தானா?

விக்கி: முதல்ல நம்பவே நம்பாதே. 10:05க்கு தீர்ந்துடுச்சுன்னு வந்தா அதுல கொஞ்சம் இன்னும் பணம் கட்டாம யாரோட கூடைலயோ இருக்கு. பேமெண்ட் ஃபெயில் ஆனது, மனசு மாறினது எல்லாம் நேரம் முடிஞ்சு திரும்பி வரும். 10:15லேர்ந்து 10:40 வரைக்கும் விடாம பாரு.

விக்கி: அடுத்தது ஷோவுக்கு முந்தின நாளும் அன்னிக்கும். மேடை எவ்வளவு பெருசு, சவுண்ட் டெஸ்க் எங்க, கேமரா எங்கன்னு தெரியாம நிறைய சீட்டை விக்காம நிறுத்தி வச்சிருப்பாங்க. பேண்டுக்கு, ஸ்பான்சருக்குன்னு ஒதுக்கினதும் இருக்கும். லாரி வந்து மேடை கட்டினதும், தேவைப்படாத சீட்டை அசல் விலைக்கே அவிழ்த்து விடுவாங்க. ரீசேல்ல மூணு மடங்கு கொடுக்கறதுக்கு முன்னாடி அன்னிக்கு அரங்கோட பக்கத்தைக் காலைலயும் மத்தியானமும் ஒரு தடவை பாரு. ரெண்டாவது ஷோ அறிவிச்சாலும் முதல் ஷோவோட ரீசேல் விலை சரியும்.

அனு: இன்ஸ்டால ஒருத்தங்க, தங்கச்சி வர முடியல, அசல் விலைக்கே தர்றேன்னு போட்டிருக்காங்க

விக்கி: 🚫🚫

விக்கி: ஸ்கிரீன்ஷாட் அனுப்பறேன்னு சொன்னா அங்கயே நிறுத்து. இப்போ பல டிக்கெட்ல பார்கோடு சில நொடிக்கு ஒருமுறை மாறிக்கிட்டே இருக்கும், மேல ஒரு கோடு நகர்ந்துக்கிட்டே இருக்கும் பாரு. ஸ்கிரீன்ஷாட்ல அது உறைஞ்சு நிக்கும், வாசல்ல ஸ்கேன் ஆகாது. பிடிஎஃப்னா ஒரே டிக்கெட்டை அஞ்சு பேருக்கு வித்திருக்கலாம், முதல்ல ஸ்கேன் பண்றவருக்குத்தான் உள்ள இடம். டிக்கெட் ஆப்லேர்ந்து உன் அக்கவுண்ட்டுக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆகணும், அது ஒண்ணுதான் டிக்கெட்.

விக்கி: ரீசேல் தளத்துலயும் வரிசை எண், சீட் எண் இல்லாம வெறும் ப்ளாக் பேர் மட்டும் இருந்தா சந்தேகப்படு. கையில டிக்கெட்டே இல்லாம, அப்புறமா வாங்கித் தரலாம்னு விக்கறவங்க உண்டு. அசல் விலைக்கு மேல விக்க விடாத இடங்களைப் பாரு: ட்விக்கெட்ஸ், கேஷ்ஆர்ட்ரேட் அந்த வகை. டைஸ்ங்கற டிக்கெட் ஆப்ல வித்த ஷோவுக்கு வெயிட்டிங் லிஸ்ட் இருக்கும், அதுலயும் பேர் போட்டு வை.

சுந்தர்: பேர் அச்சடிச்ச டிக்கெட்டுன்னா?

விக்கி: அதை வெளில வாங்கவே கூடாது மாமா. வாசல்ல ஐடி கேப்பாங்க.

ஞாயிறு, இரவு 9:50

கலா: அனு ஓசின்னு கேட்டாளே, அதை யாரும் சொல்லல.

கலா: வாலண்டியர் வேலை இருக்கு. பெரிய இசை விழான்னா ஒரு ஷிப்ட் ஆறுலேர்ந்து எட்டு மணி நேரம் வரும். பல விழால டிக்கெட் விலையை டெபாசிட்டா வாங்கிப்பாங்க, எல்லா ஷிப்டும் முடிச்சாதான் திரும்பி வரும். நடுவுல நழுவினா காசு போச்சு. ஷிப்ட் கேக்கும்போது பகல் கேட் வேலை கேளு. சாயங்கால ஷிப்ட் விழுந்தா எதுக்குப் போனியோ அந்தப் பாட்டு நேரத்துல கார் பார்க்கிங்ல கை காட்டிட்டு நிப்பே.

அனு: 🤣🤣

கலா: அரங்குல சீட் காட்டற வேலையும் அப்படித்தான், ஆனா கதவு சாத்தினப்புறம் பின்னாடி நின்னு கேக்கலாம். இசைக் கல்லூரி மாணவர் நிகழ்ச்சி பெரும்பாலும் இலவசம், தரம் குறைச்சுன்னு நினைக்காதே. ஆர்கெஸ்ட்ரா ஒத்திகையை சில இடத்துல இலவசமாவோ சொற்ப விலைக்கோ திறந்து விடுவாங்க. நடுவுல நிறுத்தி, அதே நாலு வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பாங்க. எனக்கு அதுதான் பிடிக்கும், முழுசா கேக்கணும்னு போறவங்களுக்கு எரிச்சல் வரும்.

கலா: ஒரு எச்சரிக்கை. டிவி ரெக்கார்டிங் மாதிரி இலவச டிக்கெட்னா சீட்டைவிட அதிகமாத்தான் கொடுப்பாங்க, நிறையப் பேர் வர மாட்டாங்கன்னு கணக்கு. டிக்கெட் கையில இருக்குன்னு நிதானமா போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. ஒன்றரை மணி நேரமாவது முன்னாடி போ.

விக்கி: அனு, நீ மாணவி இல்லையா. ரஷ் டிக்கெட் கேளு. விக்காம மிஞ்சினதை ஷோவுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடி கவுண்டர்ல குறைச்ச விலைக்குத் தருவாங்க. ஒரு ஐடிக்கு ஒண்ணு, சில இடத்துல ரெண்டு. ஐடியோட ஃபோட்டோ செல்லாது, அசல் கார்டு வேணும், தேதி முடிஞ்சிருக்கக் கூடாது.

அனு: கார்டு போன மாசமே முடிஞ்சுடுச்சு 🙈

சுந்தர்: நாளைக்கே புதுப்பிக்கற வழியைப் பாரு.

வெள்ளி, காலை 9:51

அனு: காத்திருப்பு அறைல இருக்கேன். ப்ரீசேல் கோடு வரவே இல்ல.

விக்கி: நானும் இருக்கேன். அப்பா ஃபோன்?

அனு: அதுவும் இருக்கு, ஓடிபி ஃபோன் என் மடில இருக்கு

10:03

விக்கி: எனக்கு 11,000க்கு மேல. உனக்கு?

அனு: 1,840!!

விக்கி: நீயே எடு. திரையை அணைய விடாதே.

10:11

அனு: உள்ள வந்துட்டேன். நாலு சீட் தொட்டா வேற யாரோ எடுத்துட்டாங்கன்னு வருது. மூணாவது தடவை.

விக்கி: மேப்ல தொடாதே, எல்லாரும் அதே புள்ளியைத்தான் அமுக்கறாங்க. விலை வடிகட்டில கடைசி வகுப்பு மட்டும் வச்சு, அதுவே சீட் தேர்ந்தெடுக்கற பட்டனை அமுக்கு. நாலு கிடைக்கலன்னா ரெண்டு ரெண்டா.

அனு: ரெண்டு வந்துச்சு. ஜே வரிசை 9, 10. படி இல்லாத ப்ளாக்

கலா: அது பாட்டிக்கும் உங்க அம்மாவுக்கும். பணம் கட்டு.

10:14

அனு: கட்டிட்டேன். மீதி ரெண்டுக்கு ஜேல 11, 12 கேட்டா ஒத்தை சீட் விட்டு எடுக்கக் கூடாதுன்னு திட்டுது

விக்கி: 13 தனியா மிஞ்சும்ல, அதான். 12, 13 எடுத்தா 11 மிஞ்சும், அப்பவும் விடாது. பின் வரிசை பாரு.

10:22

அனு: கே வரிசை 9, 10 இப்போதான் திரும்பி வந்துச்சு!! நேர் பின்னாடி

சுந்தர்: பலே!

விக்கி: கட்டறதுக்கு முன்னாடி மொத்தத்தைப் பாரு. கூடுதலா ஏதாவது சேர்ந்திருக்கா?

அனு: டிக்கெட் இன்சூரன்ஸ்னு ஒண்ணு, ரெண்டு டிக்கெட்டுக்கும். நான் போடவே இல்லையே

விக்கி: தானா டிக் ஆகியிருக்கும். எடுத்துட்டுக் கட்டு.