தில்லித் தூசியில் வெளிர்நிறக் கார் இருக்கைகள்: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

தில்லித் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். அடுத்த மாதம் வாங்கவிருக்கும் காரின் உட்புறத்தைக் கறுப்பில் எடுப்பதா, பீஜ் நிறத்தில் எடுப்பதா என்று முடிவெடுக்க இயலாமல் உங்கள் அனுபவத்தைக் கேட்டு எழுதுகிறேன். ஆர்.கே. புரத்தில் எங்கள் வண்டி நிழலின்றி நிற்கிறது. ஜூன் வெயிலில் கறுப்பு இருக்கையில் உட்காரவே முடிவதில்லை. வெளிர்நிறம் வெப்பத்தைக் குறைவாகவே உள்வாங்கும் என்பதோடு, பின்னால் உட்காரும் அம்மாவுக்கு உள்ளே விசாலமாகத் தோன்றுவதும் பிடித்திருக்கிறது.

ஆனால், என் அண்ணனின் காரைப் பார்த்ததிலிருந்து தயக்கமாக இருக்கிறது. ஏறி இறங்கும்போது உராய்கிற ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் ஜீன்ஸ் சாயம் ஏறி நீலம் படர்ந்துவிட்டது. மலை மந்திர் கோயிலிலிருந்து திரும்பும்போது சிந்திய குங்குமத்தை ஈரத்துணியால் அவசரமாகத் துடைத்ததால், அது தையல் துளைகளுக்குள் இறங்கி இன்றும் சிவப்பாகவே இருக்கிறது. பொடியை முதலில் உலர்வாகவே வாக்குவம் கிளீனரால் எடுத்திருக்க வேண்டும்.

வெளிர்நிறச் செயற்கைத் தோல் இருக்கைகளை மூன்று, நான்கு ஆண்டுகள் பயன்படுத்தியவர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எதைக் கொண்டு துடைக்கிறீர்கள் என்று விவரமாகச் சொல்ல வேண்டுகிறேன். தின்னர் போன்றவை மேற்பூச்சைக் கெடுக்கும் என்பதால், மென்மையான சோப்பு நீரும் மைக்ரோஃபைபர் துணியும் மட்டும் சாயக்கறைக்குப் போதுமா? கரோல் பாகில் உறை தைத்துப் போடலாம் என்கிறார்கள். இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் இருப்பதால், அது விரிவதைத் தடுக்காத உறையை அங்கே யாரேனும் தைத்து வாங்கியிருந்தால் அதையும் தெரிவியுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நிறத்தை உறுதிசெய்ய வேண்டும்.