புதுப்பிப்பு: சிபில் ரிப்போர்ட்ல இருந்த வேற ஆளோட அட்ரஸ் போயிடுச்சு

கடலூர் மஞ்சக்குப்பத்துலயே பொறந்து வளந்த எனக்கு சிபில் ரிப்போர்ட்ல (நாம வாங்குன கடன் விவரமெல்லாம் இருக்குற ரிப்போர்ட்) புதுச்சேரி லாஸ்பேட்டை அட்ரஸ், தெரியாத மொபைல் நம்பர், எடுக்காத பைக் லோன் இருக்குன்னு போன மாசம் இங்க கேட்டிருந்தேன்ல, பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

வேலைக்கு ஆனது, லோன் குடுத்த கம்பெனியோட நோடல் ஆபீசருக்கே (புகார் பாக்குற அதிகாரி) மெயில் போடுங்கன்னு ஒரு அண்ணன் சொன்னதுதான். நான் பாட்டுக்கு சிபில்கிட்ட ஆன்லைன்ல டிஸ்ப்யூட் (ரிப்போர்ட் தப்புன்னு புகார்) போட்டுட்டு உக்காந்திருந்தேன், ஆனா கடன் குடுத்தவங்க சரின்னு சொல்லாம சிபில்காரங்க ரிப்போர்ட்ல ஒரு எழுத்தக்கூட மாத்த மாட்டாங்களாம். பான் காப்பியும், முதல் எட்டு நம்பர் மறைச்ச ஆதாரும் வெச்சு அனுப்புனேன், 24-ஆவது நாள் எல்லாம் போயிடுச்சு. 30 நாள் தாண்டியிருந்தா நாளுக்கு 100 ரூபா நஷ்டஈடு, ஆர்பிஐ ரூல். ஜஸ்ட் மிஸ்.

எதிர்பாக்காதது: லோன் எடுத்தவர் திருடன் இல்ல, என் பேர்லயே இன்னொருத்தர், ஷோரூம்ல பான்ல ஒரு எழுத்து மாத்தி அடிச்சிருக்காங்க. பாவம், மூணு வாரமா அவர திட்டிட்டிருந்தேன். அப்பறம் சிபில் மாதிரியே கடன் ரிப்போர்ட் குடுக்குற எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் மூணும் தனித்தனி கம்பெனி, ஒவ்வொண்ணுலயும் வருஷத்துக்கு ஒரு ரிப்போர்ட் ஃப்ரீ, எடுத்துப் பாத்தா ஒண்ணுல அந்த லாஸ்பேட்டை அட்ரஸ் இன்னும் குத்தவெச்சு உக்காந்திருக்கு. அதுக்கும் நேத்து மெயில் போட்டாச்சு.