கலைச்சொல் வேண்டும்: மங்கிய ஒளியில் படத்தில் நெளியும் புள்ளிகள்

வணக்கம். சிறிய ஆக்‌ஷன் கேமரா ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நாளை மாலைக்குள் தர வேண்டும். வெளிச்சம் குறைந்த இடத்தில் எடுத்த வீடியோவில், இருண்ட பகுதியெல்லாம் நிறம் நிறமாகப் புள்ளிகள் நெளியுமே, அந்த ‘நாய்ஸ்’தான் சிக்கல். ‘இரைச்சல் குறைப்பு’ என்று போட்டேன். அதே மெனுவில் இரண்டு வரி கீழே, மைக்கில் மோதும் காற்றின் இரைச்சலைக் குறைக்கும் அமைப்பும் இருக்கிறது. படிப்பவர் எதைத் தொடுவார்?

———

மறுமொழி:

இரைச்சலை விட வேண்டாம். மின்னணுவியல் படிக்கும் மாணவர்களுக்குப் பழகிய சொல். உணரியில், அதாவது ஒளியைப் பதிவுசெய்யும் சில்லில், ஒளித்துகள்கள் ஒரே சீராக விழுவதில்லை. ஒரு படப்புள்ளியில் சராசரியாக 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100 அளவில் இருக்கும், அதாவது 1 விழுக்காடு. 100 மட்டும் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 விழுக்காடு. ஒளியுணர்திறன் அளவான ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் காட்சியோடு சேர்ந்து இதுவும் பெருகும். வானொலியில் நிலையம் பிடிபடாதபோது கேட்பதும் இதே இனம்தான். ‘காட்சி இரைச்சல்’, ‘ஒலி இரைச்சல்’ என்று அடை கொடுத்தால் போதும்.

———

மறுமொழி:

ஐயா, ‘ஒலி இரைச்சல்’ கூறியது கூறல். இரைதல் என்றாலே ஒலித்தல்தானே? கடல் இரைகிறது, காட்சி எப்படி இரையும்? ‘படக் குறுணை’ எனலாம். குறுநொய்தான் குறுணை ஆயிற்று என்பர். ஆகவே வல்லின றகரம் இட்டேன், ‘குருணை’ என இடையின ரகரம் இட்டும் எழுதுவர். நொய் என்பது நொய்ம்மையோடு உறவுடையது. நொய்தல், நொய்து, நொய்யரிசி எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. வலுவிழந்த ஒளியால் வருவது நொய், பொருளும் பொருந்துகிறது.

———

மறுமொழி:

படம் எடுப்பவர்கள் பேசுவது ‘கிரெயின்’ என்றுதான், அதனால் குறுணை உடனே புரியும். ஆனால் கிரெயின் என்பது முதலில் ஃபிலிமில் உள்ள வெள்ளித் துகள்களுக்கு வந்த பேர். இது வேறு சங்கதி.

அப்புறம், பேரைவிடக் கையேடு சொல்ல வேண்டியது வேறு. இந்தக் கேமராக்கள் பலவற்றில் லென்ஸ் துவாரத்தைப் பெரிதாக்க முடியாது, உணரியும் சிறியது. நொடிக்கு 60 பிரேம் வைத்தால் ஒரு பிரேமுக்கு அதிகபட்சம் 1/60 நொடிதான் ஒளி கிடைக்கும். 30 வைத்தால் அது இரு மடங்கு. ஐ.எஸ்.ஓ.வுக்கு மேல்வரம்பு கட்டச் சொல்லுங்கள். பட ஆட்டத்தைக் குறைக்கும் மென்பொருள் நிலைப்படுத்தியை இருட்டில் நம்பக் கூடாது. ஷட்டர் மெதுவாகும்போது ஒவ்வொரு பிரேமுக்குள்ளும் இழுபட்டுப்போன கலங்கலை அதனால் எடுக்க முடியாது. விளக்குப் புள்ளி நடுநடுவே வால்போல் நீண்டு துடிக்கும்.

———

மறுமொழி:

‘குறைந்த வெளிச்சம்’ என்று ஏன் மெனுவில் இழுக்க வேண்டும்? ‘எல்லே இலக்கம்’ என்கிறது தொல்காப்பியம். எல் என்றால் ஒளி. ‘குறையெல்’ என்றால் நிரை நேர், இரண்டே அசை. டிஜிட்டலுக்கு நாம் வைத்த ‘இலக்கமுறை’யில் உள்ள இலக்கமோ வேறு, அது எண். அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

———

மறுமொழி:

குறையெல் அழகுதான். ஆனால் இருட்டில் கையுறையோடு பொத்தானைத் தேடுகிறவருக்கு அகராதி புரட்ட நேரமில்லை. ‘மங்கொளி’ போதும். குறுணைக்கு என் ஒப்புதல். தனித்தமிழுக்காக இல்லை, காற்று இரைச்சலோடு குழம்பாது என்பதற்காக.

———

மறுமொழி:

எல்லோருக்கும் நன்றி. நாளைக்கு ‘படக் குறுணை குறைப்பு’, ‘மங்கொளி’ என்றே அனுப்புகிறேன். விளக்கப் பகுதியில் ஒருமுறை மட்டும் ‘இதைக் காட்சி இரைச்சல் என்றும் சொல்வர்’ என்று சேர்க்கிறேன். பிரேம், ஐ.எஸ்.ஓ. குறிப்புகளையும் அடிக்குறிப்பாகக் கேட்டுப் பார்க்கிறேன்.

———

மறுமொழி:

அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் பொதுச் சொல்தொகுப்பில் ஏற்றும்போது இரைச்சலை விட வேண்டாம் என்ற என் மறுப்பையும் பதிய வேண்டும். குறிகைக்கும் (சிக்னல்) இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தை வகுப்பில் நடத்துகிறேன். உணரிப் பாடம் வரும்போது ‘குறிகை–குறுணை விகிதம்’ என்று மாற்றி எழுதச் சொல்வீர்களா?